டாபர்மேன் குட்டிக்குக் காது ஏன் மடங்கியே பிறக்கிறது?



போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தம்பி மகன் ஒரு படம் போட்டிருந்தான். கோயம்புத்தூரில் புது வீட்டுக்குக் குடிபோய் மூன்று மாதம் ஆகிறது. காவலுக்கு என்று ஒரு டாபர்மேன் குட்டி வாங்கியிருக்கிறான். ஐம்பது நாள் குட்டி. கறுப்பு உடம்பு, புருவத்துக்கு மேல் இரண்டு பழுப்புப் பொட்டு, இரண்டு காதும் வாடிய வெற்றிலை மாதிரி மடங்கித் தொங்குகிறது. படத்துக்குக் கீழே எழுதியிருந்தான்: "அத்தை, அடுத்த வாரம் காது வெட்டப் போறோம். அப்புறம் நம்ம சீசர் மாதிரியே ஆயிடும்."

அதைப் படித்ததும் எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், அது இவ்வளவு நீளமாகிவிட்டது. சமூக அறிவியல் டீச்சருக்கு ஒரு வரியில் பதில் எழுத வராது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. உங்களுக்கும் பயன்படும் என்று இங்கே பதிகிறேன்.

முதலில் ஒரு கதை. பழைய கிரேக்கத்தில் ஏதென்ஸ் நகரத்தில் அல்சிபியாடிஸ் என்று ஒரு பணக்காரப் பிரபு இருந்தார். சாக்ரடீஸ் காலத்து ஆள். எழுபது மினா கொடுத்து ஓர் அழகான நாயை வாங்கி, அதன் வாலை வெட்டிவிட்டார். ஊரே திட்டியது. நண்பர்கள் வந்து சொன்னபோது அவர் சிரித்தாராம். ஊர் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கட்டும், என்னைப் பற்றி இதைவிட மோசமாக எதுவும் பேசாமல் இருக்கும் அல்லவா என்றாராம். புளுடார்க் எழுதிய வரலாற்றில் இது இருக்கிறது. நாய்க்காக வெட்டவில்லை, ஊர்ப் பேச்சுக்காக வெட்டினார். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்பத் திரும்ப வரும்.

காவல் நாய்க்குக் காது வெட்டும் வழக்கம் ரோமானியர் காலத்திலிருந்தே இருக்கிறது, நாய் ஆக்ரோஷமாகக் காவல் காக்க அதுதான் வழி என்று பலர் சொல்வார்கள். ஆனால் ரோமானியர்கள் விவசாயத்தைப் பற்றி எழுதிய நூல்களைப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. வர்ரோ என்பவர் கிறிஸ்து பிறப்பதற்கு முன்னால் எழுதியவர். நல்ல நாய்க்குக் காது பெரிதாக, தொங்கலாக இருக்க வேண்டும் என்கிறார். கொலுமெல்லா கி.பி. முதல் நூற்றாண்டுக்காரர், ஸ்பெயினில் பிறந்தவர். பண்ணை வீட்டைக் காக்கும் நாய்க்குப் பெரிய தலை, கனத்த குரல், தொங்கும் காது வேண்டும் என்கிறார். நிறம் கறுப்பாக இருந்தால் நல்லதாம், இருட்டில் திருடன் கண்ணுக்குத் தெரியாது. ஆட்டு மந்தை நாய் மட்டும் வெள்ளையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓநாய் என்று நினைத்து இடையனே அடித்துவிடுவான். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்!

அப்படியென்றால் ஓநாய் கழுத்தைக் கவ்வினால்? அதற்கும் வர்ரோ வழி சொல்கிறார். தடித்த தோல் பட்டையில் ஆணிகளை அடித்து நாயின் கழுத்தில் கட்டு. ஒரு பட்டையில் முடிந்த வேலை. கத்தி தேவைப்படவில்லை.

ரோமானியர்கள் ரொம்ப நல்லவர்கள் என்று முடிவு செய்துவிடாதீர்கள். அதே கொலுமெல்லா, குட்டி பிறந்து நாற்பது நாள் ஆனதும் வாலின் கடைசிக் கணுவைப் பல்லாலேயே கடித்து எடுத்துவிட வேண்டும் என்கிறார். வால் அசிங்கமாக நீளாது, வெறிநோயும் வராது என்று இடையர்கள் சொல்கிறார்களாம். வெறிநோய்க்கு உண்மையான தடுப்பூசியை லூயி பாஸ்டர் 1885ல்தான் ஒரு சிறுவனுக்குப் போட்டார். அதுவரை எத்தனை தலைமுறைக் குட்டிகள் வாலை இழந்தனவோ.

இடைக்கால இங்கிலாந்துக்கு வருவோம். அங்கே நாயை வெட்டியது அரசாங்கமே. காட்டு மான்கள் எல்லாம் ராஜாவுக்குச் சொந்தம். காட்டோரம் குடியிருக்கும் குடியானவனின் நாய் மானைத் துரத்திவிடக் கூடாது. அதனால் நாயின் முன்னங்காலில் மூன்று நகங்களை வெட்டிவிட வேண்டும் என்று சட்டம். 1217ல் வந்த வனச் சாசனம் இதை ஒழுங்குபடுத்தியது. மூன்று நகம் மட்டும், பாதத்தின் மெத்தைப் பகுதியைத் தொடக் கூடாது, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சோதனை, வெட்டாத நாய் வைத்திருந்தால் மூன்று ஷில்லிங் அபராதம். நான் மகா சாசனத்தைப் பாடமாக நடத்தியிருக்கிறேன், "மக்கள் உரிமையின் முதல் படி" என்று கரும்பலகையில் பெரிதாக எழுதியும் போட்டிருக்கிறேன். அதற்கு இரண்டே வருடம் கழித்து வந்த இந்தச் சாசனத்தில் ஒரு நாயின் கால்விரல் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

இனி காதுக்கு வருகிறேன். காது வெட்டு ஊன்றிப்போனதற்கு முக்கியமான காரணம் சண்டை. ஒரு மாட்டைக் கட்டிப்போட்டு நாய்களை ஏவிவிடுவது, கரடியைச் சங்கிலியில் பிணைத்து நாய்களை ஏவிவிடுவது, இவை அன்று இங்கிலாந்தில் பொழுதுபோக்கு. லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில், ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் நடந்த குளோப் அரங்கத்துக்குப் பக்கத்திலேயே கரடிச் சண்டைக்கும் அரங்கம் இருந்தது. முதலாம் எலிசபெத் ராணியே இதை விரும்பிப் பார்த்தவர். நாயால் கடிபட்டுச் செத்த மாட்டின் கறி மிருதுவாக இருக்கும் என்றும் நம்பினார்கள்.

இந்தச் சண்டையில் தொங்கும் காது ஒரு பலவீனம். எதிரி நாய் எளிதில் கவ்வும், கிழிந்தால் ரத்தம் நிற்காது. அதனால் முன்கூட்டியே வெட்டிவிட்டார்கள். ஜெர்மனியில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன பெரிய நாய்களுக்கும் இதே கதைதான். இன்று கிரேட் டேன் என்று நாம் சொல்லும் நாயின் முன்னோர்கள் அவை. பன்றியின் கொம்பு காதைக் கிழிக்காமல் இருக்க வெட்டினார்கள். ஆக, காது வெட்டுவதற்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. காரணம் கொடூரமானது, ஆனால் காரணம்.

1835ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மாட்டுச் சண்டை, கரடிச் சண்டை, நாய்ச் சண்டை, சேவல் சண்டை எல்லாவற்றையும் தடை செய்தது. சண்டை போனதும் காது வெட்டும் போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. அப்போதுதான் அது நாகரிகமாகவே மாறியது! 1859ல் நியூகாசில் நகரத்தில் நாய்க் கண்காட்சி நடந்தது, 1873ல் கென்னல் கிளப் தொடங்கினார்கள். மேடையேறும் நாய்க்கு ஓர் இலக்கணம் வந்துவிட்டது. புல் டெரியருக்குக் காது கூராக நிற்க வேண்டும், மான்செஸ்டர் டெரியருக்கு மெழுகுவத்திச் சுடர் மாதிரி நிற்க வேண்டும். பக் என்ற சின்ன நாய் இருக்கிறதே, மடியில் படுத்துக் குறட்டை விடுவதைத் தவிர வேறு வேலை தெரியாத நாய், அதற்குக்கூடக் காதை அடியோடு வெட்டினார்கள். அது எந்தக் கரடியோடு சண்டை போடப் போகிறது?

இங்கே எனக்கு என் ஆச்சியின் ஞாபகம் வருகிறது. எங்கள் தென்மாவட்டத்துப் பழைய ஆட்களுக்குத் தெரியும். ஆச்சி காதில் பாம்படம் போட்டு, காது தோளைத் தொடும். அந்தக் காலத்தில் காது நீளவில்லை என்றால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்களாம். என் அம்மாவுக்கும் சின்ன வயதில் காது வளர்த்தார்கள். அதற்குள் காலம் மாறிவிட்டது. நீளக்காது பட்டிக்காடு என்று ஆகிவிட்டது. அம்மா கல்யாணத்துக்கு முன்னால் காதை அறுத்துத் தைத்துக்கொண்டார். ஒரே வீட்டில், இரண்டு தலைமுறைக்குள், அழகு என்பது தலைகீழாகிவிட்டது. ஆச்சிக்கும் அம்மாவுக்கும் வாய் இருந்தது, வலித்தது என்று எங்களிடம் சொன்னார்கள்.

திரும்ப இங்கிலாந்துக்குப் போவோம். விக்டோரியா ராணியின் மகன் எட்வர்ட், அப்போது வேல்ஸ் இளவரசர். கென்னல் கிளப்பின் புரவலரும் அவர்தான். 1895 வாக்கில் காது வெட்டுவதை எதிர்த்துத் தன் கருத்தைத் தெரிவித்தார். விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தாரும் விடாமல் வழக்குப் போட்டு நெருக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கென்னல் கிளப் தன் கண்காட்சிகளில் காது வெட்டிய நாய்க்கு இடமில்லை என்று அறிவித்தது. 1898ல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நாய் வளர்ப்பவர்கள் புலம்பினார்கள், எங்கள் இனமே அழிந்துவிடும் என்றார்கள். மான்செஸ்டர் டெரியருக்கு மவுசு குறைந்தது உண்மைதான். ஆனால் புல் டெரியர் வளர்த்தவர்கள் வேறு வழியைப் பிடித்தார்கள். இயற்கையிலேயே காது நிமிர்ந்த குட்டிகளைத் தேடித் தேடி இணை சேர்த்தார்கள். பல வருடம் பிடித்தது. இன்று புல் டெரியரின் காது யாரும் தொடாமலேயே நிமிர்ந்து நிற்கிறது. வெட்ட முடியாது என்று ஆன பிறகுதான் அவர்கள் யோசிக்கவே ஆரம்பித்தார்கள்.

இந்த இடத்தில் வகுப்பில் ஒருவர் கை தூக்குவீர்கள். "டீச்சர், நூறு வருஷமா வெட்டிக்கிட்டே இருந்தா, குட்டி தானாகவே அப்படிப் பிறக்காதா?" நல்ல கேள்வி. ஜெர்மனியில் ஆகஸ்ட் வைஸ்மன் என்ற அறிவியலாளர் இதையே சோதித்துப் பார்த்தார். வெள்ளெலிகளின் வாலை வெட்டி, அவை போட்ட குட்டிகளின் வாலையும் வெட்டி, அந்தக் குட்டிகளின் குட்டிகளையும் வெட்டி, தலைமுறை தலைமுறையாகப் பார்த்தார். கடைசிவரை எல்லாம் முழு வாலோடுதான் பிறந்தன. உடம்பில் வெட்டியது வாரிசுக்குப் போகாது. காதுகுத்து நடக்காத தமிழ்க் குடும்பம் ஏது? எத்தனை நூற்றாண்டாகக் குத்துகிறோம்? எந்தப் பிள்ளையாவது ஓட்டையோடு பிறந்ததா?

சரி, டாபர்மேன். ஜெர்மனியில் துரிங்கியா பகுதியில் அப்போல்டா என்று ஓர் ஊர். அங்கே லூயி டோபர்மன் என்று ஒருவர் (1834–1894). வரி வசூலிப்பவர், ஊரின் தெருநாய் பிடிக்கும் பொறுப்பும் அவரிடம் இருந்தது என்பார்கள். கையில் பணத்தோடு தனியாகப் போகும் வேலை. கூடவே வர ஒரு துணிச்சலான நாய் வேண்டுமென்று பலவகை நாய்களைக் கலந்து உருவாக்கினார். அவர் காலத்துக்குப் பிறகு அவர் பெயரே இனத்தின் பெயராகிவிட்டது. காதை வெட்டிக் கூராக நிறுத்துவது அந்த நாயின் முத்திரை என்றே ஆகிவிட்டது. சினிமாவில் வில்லன் வீட்டு வாசலில் நிற்பது எல்லாம் அந்தக் காதுதான்.

ஆனால் பிரிட்டனில் டாபர்மேன் பரவியபோது அங்கே காது வெட்டு ஏற்கெனவே ஒழிந்திருந்தது. அதனால் அந்த நாட்டு டாபர்மேன் தொடக்கத்திலிருந்தே மடங்கிய காதோடுதான் திரிகிறது. அதைப் பார்த்து அங்கே எந்தத் திருடனும் பயப்படாமல் இருப்பதில்லை. அந்த நாயைப் பிறப்பித்த ஜெர்மனியே 1987 முதல் காது வெட்டுவதைத் தடை செய்துவிட்டது. அதே 1987ல் ஐரோப்பிய நாடுகள் செல்லப் பிராணிகளின் பாதுகாப்புக்கு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அழகுக்காகக் காது வெட்டுவது, வால் வெட்டுவது, குரைக்காமல் இருக்கக் குரல் நாணை வெட்டுவது எல்லாம் அதில் கூடாது. அமெரிக்காவில் இன்னும் இழுபறி. அங்கே கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2008லேயே எதிர்ப்புத் தெரிவித்துவிட்டது, நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்போ அது இனத்தின் அடையாளம் என்று இன்னும் பிடிவாதமாக நிற்கிறது.

காது வெட்டினால் காதில் சீழ் வராது என்று தம்பி மகனிடம் நாய் விற்றவர் சொன்னாராம். காக்கர் ஸ்பானியல் நாயைப் பார்த்திருப்பீர்கள். தரையைத் தொடுகிற மாதிரி நீளக்காது, அடிக்கடி காதுநோய் வரும் இனம். அதற்கு யாராவது காது வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நோய்க்காகத்தான் வெட்டுகிறார்கள் என்றால் அதற்கல்லவா முதலில் வெட்ட வேண்டும்?

நம் நாட்டுச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், இதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேலை நடனத்துக்காக நமக்குத் தெரியும். மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தபோது 1953ல் விலங்குவதைத் தடுப்புக்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் அவர். அரசே சட்டம் கொண்டுவருவதாகச் சொல்ல, 1960ல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன்படி 1962ல் விலங்குகள் நல வாரியம் சென்னையில் அமைந்தது, முதல் தலைவர் அவரே. அந்தச் சட்டத்தின் 11வது பிரிவில் விலங்கின் உறுப்பைச் சிதைப்பது குற்றம். விதிவிலக்கு என்று மாட்டுக்குக் கொம்பு தீய்ப்பது, காயடிப்பது, சூடு போடுவது, மூக்கணாங்கயிறு போடுவது என நான்கு காரியங்கள் இருக்கின்றன. (இவையும் மாட்டுக்கு வலிக்காதா என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை.) நாயின் காது அந்த வரிசையில் இல்லை. ஆனால் முதல் தடவை குற்றத்துக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 1960ல் அது பணம். இன்று ஒரு டீ, ஒரு வடை.

"தெருநாய்களுக்குக் காது நுனியில் வெட்டு இருக்கிறதே, அது மட்டும் சரியா" என்று சிலர் கேட்பீர்கள். அது வேறு. கருத்தடை செய்த தெருநாயை அடையாளம் தெரிந்துகொள்ள, அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுத்திருக்கும்போதே காதில் சின்னதாக ஓர் அடையாள வெட்டு வைப்பார்கள். அந்த அடையாளம் இல்லையென்றால் அதே நாயை மறுபடி பிடித்து வயிற்றைக் கிழித்துப் பார்க்க வேண்டி வரும். 1959ல் கேப்டன் சுந்தரம் சென்னையில் தொடங்கிய ப்ளூ கிராஸ் இந்தக் கருத்தடை வேலையில் முன்னோடி. அந்த வெட்டால் அந்த நாய்க்கு ஒரு நன்மை இருக்கிறது. டாபர்மேனுக்கு வெட்டுவதால் நன்மை அல்சிபியாடிஸுக்குத்தான்.

இப்போது சீசர்.

1993ல் நாங்கள் ஊருக்கு வெளியே புதுக் காலனியில் வீடு கட்டிப் போனோம். சுற்றிலும் கருவேலங்காடு. பக்கத்து வீட்டில் திருட்டுப் போனதும் என் வீட்டுக்காரர் டாபர்மேன் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். சனி ஞாயிறு டியூஷனுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் சீசரைத் தெரியும். வாசலில் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவானே, அவன்தான்.

வெட்டினால்தான் ஜாதி நாய் என்று சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். கால்நடை மருத்துவரிடம் போகவில்லை. இதில் கைதேர்ந்தவர் என்று சொல்லி ஒருவரை வீட்டுக்கே வரச்சொன்னார் இவர். ஏதோ ஊசி போட்டார். அது சரியாக வேலை செய்யவில்லை. குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் பிடித்திருந்தது நான்தான். "இறுக்கிப் பிடிங்கம்மா" என்றார், பிடித்தேன். ஒன்பது வாரக் குட்டிக்கு அவ்வளவு சத்தம் எங்கிருந்து வருமோ. வெட்டியதோடு முடியவில்லை. காது நிற்பதற்காக ஐஸ் குச்சி வைத்துப் பிளாஸ்திரி ஒட்டி, அவிழ்த்து, மறுபடி ஒட்டி, இரண்டு மாதம். இடது காது சீழ் பிடித்துச் சுருங்கிப்போனது. வலது காது மட்டும் நின்றது. பன்னிரண்டு வருடம் இருந்தான். யார் தடவினாலும் வாலில்லாத பின்புறத்தையே ஆட்டுவான், ஆனால் கை காதுப் பக்கம் போனால் தலையைத் தாழ்த்திக்கொண்டு நகர்ந்துவிடுவான். என் கை என்றாலும்.

ஒருநாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். "டீச்சர், சீசருக்குக் காது ஏன் இப்படி இருக்கு?" நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிராமலே சொன்னேன்: "டாபர்மேன்னா பிறவியிலேயே அப்படித்தான் இருக்கும். இதுக்கு ஒரு காது மட்டும் சரியா வரல." அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். டீச்சர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்.

முப்பத்து மூன்று வருட வேலையில் தப்பாகச் சொல்லிக்கொடுத்தவை வேறும் இருக்கும், தெரியாமல் சொன்னவை. இது தெரிந்தே சொன்னது. அந்தப் பெண் இந்தப் பக்கத்தில் இருக்கிறாள், அவளுக்கும் இன்று பேரன் பேத்தி எடுக்கும் வயது நெருங்குகிறது. அம்மா, அது பிறவியில் வந்ததல்ல. எல்லா டாபர்மேனும் மடங்கிய காதோடுதான் பிறக்கிறது. சீசருக்கு நான் பிடித்துக்கொள்ள, வெட்டியது. திருத்திக்கொள்.

தம்பி மகனுக்கு இதையெல்லாம் முந்தாநாளே அனுப்பிவிட்டேன். "சீசருக்கு அப்படியா நடந்துச்சு, எனக்குத் தெரியாதே அத்தை" என்று ஒரு வரி வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. நேற்று ராத்திரி ஒரு வீடியோ வந்தது. குட்டி மாடிப்படியில் ஓடிவருகிறது, ஓடுகிற வேகத்தில் ஒரு காது உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி தலைமேல் புரண்டு கிடக்கிறது, அது தெரியாமல் காமிராவையே பார்க்கிறது. வெட்டுகிறதாக இல்லை என்று எழுதியிருந்தான். பெயர் இன்னும் முடிவாகவில்லையாம், நீங்களே ஒன்று சொல்லுங்கள் என்கிறான். உங்களுக்குத் தோன்றுவதைக் கமெண்டில் போடுங்கள், அனுப்பிவைக்கிறேன். சீசர் மட்டும் வேண்டாம்.